ஜெயபாய் சொன்ன வசனம்

ராஜபாளையத்தில் சோலைராஜ் வேலை பார்த்த பஞ்சாலையில், புதுப்படம் வரப்போவதைச் சுவரொட்டி பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். வியாழக்கிழமையே ஆள் ஒரு சுற்றுப் பெருத்தது போல இருப்பார். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டு இயந்திரத்தின் ஓரமாக நடக்கும்போது காலில் ஒரு துள்ளல் வந்துவிடும். படம் உள்ளூரில் வராமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்தால் அதுவும் அவருக்கு நல்லதுதான். சைக்கிளை மிதிக்கிற வழியெல்லாம் படம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போகலாம்.

அது எண்பதுகளின் தொடக்கம். ஊரில் பாதிப்பேர் ஒரு நடிகர் பக்கம், மீதிப்பேர் இன்னொரு நடிகர் பக்கம். தனித்தனி மன்றம், தனித்தனி டீக்கடை. சோலைராஜ் மட்டும் இரண்டு பேர் படத்துக்கும் முதல் நாள் போய் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார். அந்த விசில் திரையில் பட்டுத் திரும்பி வரும். இரண்டு மன்றத்துக்காரர்களுமே அவரை வேவு பார்க்க வந்தவர் என்று சந்தேகப்பட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் அவருடைய சிநேகிதர். ஒரு மன்றத்தின் செயலாளரும்கூட. அவருக்கு இது பெரிய தலைக்குனிவாக இருந்தது.

"ஏலே சோலை, ஒரு மனுசன் ரெண்டு வீட்டுல சாப்பிடலாமாலே?"

"ரெண்டு வீட்டுலயும் சாப்பாடு நல்லா இருந்தா நான் என்னலே செய்ய?"

சினிமாவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சிவகாசியில் அச்சாகி வரும் படக்கதைப் புத்தகம் எதையும் அவர் விட்டதில்லை. சாணித்தாளில் கறுப்பு மையில் குதிரை வீரர்களும் துப்பறிகிறவர்களும் வருவார்கள். கடையில் வாங்கியதும் பிரிக்க மாட்டார். சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகுதான் முதல் பக்கம். கோடையில் வாலிபால் போட்டிகள் தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம். அவருக்கு ஆட வராது. இளவட்டத்தில் ஒரே ஒரு தடவை ஆட இறங்கி, பந்தை மூக்கில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். ஆனால் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலை அணி வந்தால் ஆலங்குளத்துக்கும் கத்துவார், உள்ளூர் அணிக்கும் கத்துவார். எண்பத்து மூன்றில் கிரிக்கெட் உலகக்கோப்பை கிடைத்த மறுநாள், கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத பெண்களுக்குக்கூட மில் வாசலில் நின்று தேன்மிட்டாய் கொடுத்தார்.

அவர் மனைவி ஜெயபாய்க்கு இதில் எதுவுமே ஒட்டாது. அவள் தளவாய்புரம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் உபதேசியார் வேதமாணிக்கத்தின் மகள். அந்த வீட்டில் சினிமா பாவம். சினிமாப் பாட்டு தெருவில் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அவளும் அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் வேலைக்கு வந்தவள்தான்.

மில்லுக்குள் இயந்திர இரைச்சலில் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் கேட்காது. அதனால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குக் குரல் இல்லாத ஒரு பேச்சு உண்டு. சத்தமே வராமல் உதட்டை மட்டும் நன்றாக விரித்துக் குவித்துப் பேசுவார்கள். எதிராளி உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர் வம்பு முழுக்க இப்படியே போகும். சோலைராஜ் ஜெயபாயிடம் முதன்முதலில் பேசியதும் அப்படித்தான். "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்டார். "மழை பெஞ்சா உங்களுக்கென்ன?" என்று அவள் உதடு திருப்பிக் கேட்டது. அடுத்த வருடம் கல்யாணம்.

கல்யாணத்தின்போதே அவள் சொல்லிவிட்டாள். "நீங்க சினிமாவுக்குப் போங்க, நான் தடுக்கல. என்னையக் கூப்பிடாதீங்க."

அவர் கூப்பிடவில்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்ததும் அடுப்படி வாசலில் உட்கார்ந்து எழுத்து போடுவதிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் சொல்லுவார். சண்டை வந்தால் எழுந்து நின்று சொல்லுவார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியாது. அவர் தண்ணீர் குடிக்கக் கொஞ்சம் நிறுத்தினால் மட்டும், "பொறவு?" என்பாள். ஒருநாள் அவர் சும்மா சீண்டினார்.

"ஏட்டி, இது பாவமில்லையா?"

"பாக்கதுதான் பாவம். கேக்கதப் பத்தி அப்பா ஒண்ணும் சொல்லல."

இப்படி ஒரு படமும் பார்க்காமலே எல்லாப் படமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

எண்பத்தேழு, எண்பத்தெட்டு வாக்கில் சோலைராஜுக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் மில்லுக்கு வெளியிலும் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்த இரைச்சலுக்குப் பின்னால் இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மதுரையில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு நரம்பு தேய்ந்துவிட்டது, இனி திரும்பாது என்றார். தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியைச் சட்டைப் பையில் வைத்து, அதிலிருந்து காதுக்கு ஒயர் இழுத்து மாட்டிவிட்டார்கள். அது மிக்சி சத்தத்தையும் மனிதர் பேச்சையும் ஒன்றாகக் கலந்து மண்டைக்குள் கொட்டியது. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி அலமாரியில் வைத்தார். மில்லில் அவரைப் பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கிக்கு மாற்றினார்கள்.

மனிதர்களோடு பேசுவதில் அவருக்குப் பெரிய கஷ்டம் வரவில்லை. உதடு பார்க்கிற பழக்கம் கைகொடுத்தது. பேங்க்காரர், கண்டக்டர், காய்கறி விற்கிறவள் என எல்லோருடைய உதட்டையும் படித்துவிடுவார். சினிமாதான் ஏமாற்றியது. நடிகர்கள் முக்கியமான இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். கதாநாயகிகள் பாதிப்பேர் வேறு பாஷைக்காரர்கள். அவர்களின் உதடு ஒன்று சொல்ல, கதை வேறு பக்கம் போகும். தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் இருக்கிற தெருவில் வளர்ந்தவர் ஆகையால், ஒரு படத்தில் அந்தப் பெண் அழுதுகொண்டே தெலுங்கில் எண்களைச் சொல்லுகிறாள் என்று கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். அப்போதுகூட அவர் விடவில்லை.

விட வைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பொங்கல் படம். சுயம்புலிங்கத்தோடு போயிருந்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. கதாநாயகன் ஒரு வாசலில் வந்து நின்றான். முகம் பெரிதாகத் திரையை நிறைத்தது. கண் சிவந்தது, உதடு துடித்தது. சுற்றிலும் எல்லோரும் வாயைத் திறந்திருந்தார்கள். வில்லனுக்குச் சவால் விடுகிறான் என்று சோலைராஜ் நினைத்தார். இரண்டு விரலும் தானாக வாய்க்குப் போயின. ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு விசில் அடித்தார்.

உள்ளே தாயார் செத்துக் கிடந்தாள். அரங்கமே அழுதுகொண்டிருந்தது.

முன் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்து சட்டையைப் பிடித்தான். அவன் என்ன திட்டினான் என்பதை உதட்டிலிருந்து அவர் நன்றாகவே படித்தார். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தார். சுயம்புலிங்கம் இடையில் புகுந்து, "அவனுக்குக் காது கேக்காதுய்யா, விடுங்கய்யா" என்று கெஞ்சி வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். திட்டியதைவிட, சிநேகிதன் தனக்காகக் கெஞ்சியதுதான் சோலைராஜுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தியேட்டர் இருக்கிற தெரு வழியாகப் போவதையே நிறுத்தினார். வாலிபால் பார்க்கக் காது வேண்டியதில்லை, ஆனாலும் போகவில்லை. கத்தினால் எங்கே தப்பான இடத்தில் கத்திவிடுவோமோ என்று பயம். படக்கதை மட்டும் மிச்சம் இருந்தது. அதில் யார் என்ன சொன்னாலும் அவரவர் தலைக்கு மேலே கட்டம் போட்டு எழுத்தில் வந்துவிடும். குண்டு வெடித்தால் "டமார்" என்று எழுதியிருக்கும். புதியது வராத வாரங்களில் பழையதையே எடுத்துப் படித்தார். இந்த உலகத்தில் தன்னையும் நினைத்து ஒருவன் உட்கார்ந்து சத்தத்தை எழுதி வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றும்.

வீட்டில் அடுப்படி வாசல் காலியாகவே இருந்தது. ஜெயபாய் தோசை சுட்டாள், அவர் சாப்பிட்டார், எழுந்தார். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனைக்குப் போய்விட்டு வந்த ஜெயபாய் அவர் எதிரில் வந்து நின்று உதட்டை அசைத்தாள். அவர் புத்தகத்தை இறக்கினார்.

"என்ன சொன்ன?"

அவள் மறுபடியும் சொன்னாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உதடு படிப்பதிலும் தான் தேய்ந்துபோய்விட்டோமோ என்று பயந்தார். "சீனிமாவா? சீனி தீந்துட்டா?"

ஜெயபாய் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, மில்லில் பேசுவதைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சினி-மாவுக்குப் போ-வோம். நான் ஒங்களுக்குச் சொல்லுதேன்."

"நீயா?"

"வேற யாரு? எனக்கும்தான் கதை கேட்டு எம்புட்டு நாளாச்சி."

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூரைத் தேர்ந்தெடுத்தாள். மதியக் காட்சி. பஸ்ஸில் போகும்போது முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள், ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவளைப் போல. உள்ளே போய் விளக்கு அணைந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இருட்டில் உதடு தெரியாது. சோலைராஜ் எழுந்து, இவ்வளவு பாடுபட்டு வந்தும் பலனில்லையே என்று கிளம்பப் பார்த்தார். ஜெயபாய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால்கனியின் ஓரத்துக்குப் போனாள். வெளியே போகிற கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு இருக்கை. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் அடுப்பு முன்னால் இருப்பதைப் போலத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவள் ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், "இவன் தம்பி. அண்ணன்கிட்ட பொய் சொல்லுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்து வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காட்சியில் அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் உதடு அசையவில்லை. தோளைத் தொட்டார். "செத்த இருங்க" என்றாள். மறுபடி தொட்டார். கையைத் தட்டிவிட்டாள்.

அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. அடுத்த நிமிடம் பல் தெரியச் சிரித்தாள். பிறகு யாரோ வரப்போகிறார்கள் போல முன்னால் சாய்ந்து நாற்காலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சோலைராஜ் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முதல் படத்தில் தானும் இப்படித்தான் இருந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். இடைவேளை விளக்கு போடும் வரை அவர் பார்த்தது ஜெயபாயைத்தான், அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க, மறந்தே போயிட்டேன்" என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல. பொறவு?" என்றார் அவர்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அவள் விட்ட இடத்தையெல்லாம் சொன்னாள். பஸ் மாலை வெயிலில் மலையைப் பார்த்துக்கொண்டே போனது. ஒருத்தி வாயை அப்படி இப்படித் திருப்பிக்கொண்டும் புருவத்தை ஏற்றிக்கொண்டும் சத்தமில்லாமல் சண்டைக்காட்சி சொல்வதை எதிர் இருக்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அப்புறம் அது வழக்கமாயிற்று. அவள் பழகிக்கொண்டாள். படத்தையும் பார்த்துக்கொண்டு அவருக்கும் சொல்லத் தெரிந்தது. கூட்டம் விசில் அடிக்கிற இடத்தில் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள், அவர் அடிப்பார். அந்த விசில் திரும்பி வந்த மதியம், கீழே முன்வரிசையிலிருந்த சுயம்புலிங்கம் யாருடையது என்று தெரிந்துகொண்டு இருக்கை மேல் ஏறி நின்று கை ஆட்டினார்.

அந்தச் சுயம்புலிங்கத்தின் கடையில்தான் ஒருநாள் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. சோலைராஜ் ஒரு படத்தின் நீதிமன்றக் காட்சியைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார்.

"'நீ எனக்குப் போட்ட சோத்துல உப்பு இருந்துச்சு, ஒன் நெஞ்சுல இல்ல'ன்னு கேட்டானே, அதுல்லாலே வசனம்!"

சுயம்புலிங்கம் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "அப்பிடி ஒரு வசனமே கெடையாதுலே. நான் நாலு தடவ பாத்துட்டேன். அவன் என்னமோ சட்டம் நீதின்னு நீட்டி முழக்குனான், ஒரு எழவும் வெளங்கல."

சோலைராஜ் வேறு சில படங்களின் வசனங்களையும் சொல்லிப் பார்த்தார். பாதிக்கு மேல் படத்தில் இல்லாதவை. வில்லன்களின் கெட்ட வார்த்தைகள் ஒன்றுகூட அவரிடம் வந்து சேர்ந்திருக்கவில்லை. அவர் அறிந்த வில்லன்கள் எல்லோருமே ஓரளவு மரியாதையாகத்தான் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டார். ஜெயபாய் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ஆளு பேசுனது நல்லால்ல. சோறு போட்டு வளத்தவன் முன்னால நின்னுக்கிட்டுச் சட்டம் பேசுதான். அந்த நேரத்துல மனுசன் அப்பிடியா பேசுவான்? அதான் நான் கொஞ்சம் சரிபண்ணிச் சொன்னேன்."

"எல்லாப் படத்துலயுமா?"

"நல்லாருந்தா அப்பிடியே சொல்லிருதேன்."

சோலைராஜ் அன்று மாலை முழுவதும் யோசித்துப் பார்த்தார். தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு சின்ன வருத்தம் வரத்தான் செய்தது. ஆனால் எந்தெந்த வசனத்தை நினைத்து மெய்சிலிர்த்தாரோ, அதெல்லாம் தன் வீட்டு அடுப்படியிலிருந்தே வந்தவை என்று நினைக்க நினைக்க மார்பு விரிந்தது. மறுநாள் சுயம்புலிங்கத்திடம் போய்ச் சொன்னார். "நீ பாத்த படத்தவிட நான் பாத்த படம் நல்ல படம்லே." அதற்குப் பிறகு சுயம்புலிங்கமே சில படங்களுக்கு, "உன் வீட்டுல இதுக்கு என்ன வசனம்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

விஷயம் தளவாய்புரத்துக்கு எட்டாமல் இருக்குமா? உபதேசியார் ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். காப்பியைத் தொடவில்லை. மகளைப் பார்த்து, "கேள்விப்பட்டது நெசமா?" என்றார்.

ஜெயபாய் நின்றுகொண்டே சொன்னாள். "நெசந்தாம்ப்பா. இவியளுக்குக் கேக்கல. நான் சொல்லுதேன். மொதல்ல இவியளுக்காகத்தான் போனேன். இப்ப எனக்கும் பிடிச்சிருக்கு. அதையும் சொல்லிருதேன்."

சோலைராஜ் மாமனாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்தது.

"கடைசியாப் பாத்தது என்ன கதை?"

ஜெயபாய் சொன்னாள். குடிகாரத் தகப்பன் ஒருவனைப் பிள்ளைகள் சேர்ந்து மனிதனாக்கும் கதை. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும், ஆறிப்போயிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அந்தப் பய திருந்துனது நல்லதாப் போச்சி" என்று எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். தான் ஒருநாளும் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. மகளையும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வாலிபாலுக்கும் ஜெயபாய் கூட வந்தாள். மைதானத்தில் பெண்கள் அதிகம் இல்லாத காலம். முதல் வருடம் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அடுத்த வருடம் குடையை மடித்துத் தரையில் தட்டிக்கொண்டு நடுவரைக் கேள்வி கேட்டாள். சோலைராஜ் எல்லா அணிக்கும் கத்துவார். அவளுக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது. ராஜபாளையம் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழில் சோலைராஜ் மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டார். கண், நகம் எல்லாம் மஞ்சள். கீழாநெல்லியும் மோரும் ஆஸ்பத்திரி ஊசியுமாக வாரக்கணக்கில் கட்டிலோடு கிடந்தார். தீபாவளிக்கு அவர் வெகு நாளாக எதிர்பார்த்திருந்த படம் ஒன்று வந்தது. ஜன்னல் வழியாகச் சுவரொட்டி ஒட்டிய தள்ளுவண்டி போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மத்தியானம் பக்கத்து வீட்டு மாரியாத்தாளைத் துணைக்கு வைத்துவிட்டு ஜெயபாய் எங்கோ கிளம்பிப் போனாள். மருந்துக் கடைக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்தாள். சேலை கசங்கி, கூட்டத்தில் இடிபட்டு, ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. வந்ததும் கட்டிலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு, விளக்கைத் தன் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டாள்.

"தனியாவா போன?" என்றார் சோலைராஜ்.

"பொம்பளைய கவுண்டர்ல அடிபுடிச் சண்டை. டிக்கெட் எடுக்கதுக்குள்ள உசுரு போயிட்டு. பேசாமப் படுத்துக் கேளுங்க. மொதல்ல ஒரு ரயில் வருது..."

சண்டை வந்த இடத்தில் அவள் எழுந்து நின்று சொன்னாள். வாசலில் நின்ற மாரியாத்தாளும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். தான் நோயில் கிடக்கையில், சினிமா பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்தி தன்னந்தனியாகத் தீபாவளிக் கூட்டத்தில் முட்டி மோதி ஒரு கதையைக் கொண்டுவந்திருக்கிறாள் என்பது அவருக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. போர்வைக்குள் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தார். மூடினால் உதடு தெரியாது. அதனால் கண் கலங்க அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடம்பு தேறியதும் சபையில் அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நோயிலிருந்து எழுந்தவர்கள் ஆராதனையில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்வது வழக்கம். மாமனாரும் ஊரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சோலைராஜ் எழுந்தார். தன் குரல் தனக்குக் கேட்காது ஆகையால் சுவர் அதிரப் பேசினார்.

"மஞ்சக்காமாலைலேருந்து எழுப்பிவிட்ட ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இன்னுஞ் சில பேருக்கும் நான் நன்றி சொல்லணும். சிவகாசில எவியளோ உக்காந்து படக்கதை போடுதாவ. அவியளுக்கு என்னையத் தெரியாது. அவிய நல்லாருக்கணும். வெயில்ல நின்னு வாலிபாலுக்கு வலை கட்டுத பயலுவ நல்லாருக்கணும். சினிமால சண்டை போடுதவிய, பின்னால வரிசையா நின்னு ஆடுத பிள்ளைய, அந்தப் படப்பெட்டியப் பஸ்ல ஏத்திக் கொண்டாரவன், எல்லாரும் நல்லாருக்கணும். இவியள்லாம் இல்லன்னா நான் வீட்டுக்கும் மில்லுக்குமா நடந்தே தேஞ்சி போயிருப்பேன். பொறவு..."

ஆராதனை நடத்திய ஐயர் சிரிப்பு வந்து வேதப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெயபாய் உதட்டை அசைத்தாள்.

"போதும்னு சொல்லுதா, உக்காரணுமாம்" என்று சோலைராஜ் எல்லோருக்கும் அறிவித்தார். "அவளுக்கும் நன்றி சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். வசனம் நெறைய யோசிச்சு வச்சிருந்தேன். பாத்ததும் மறந்துட்டு."

உட்கார்ந்தார். சபை முழுக்கச் சிரித்தது அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் எல்லோருடைய தோளும் குலுங்குவதைப் பார்த்தார். மாமனாரின் தோளும் குலுங்கியது. ஜெயபாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள், அதனால் அவள் என்ன சொன்னாள் என்று அவரால் படிக்க முடியவில்லை. வெளியே வந்ததும் கேட்டார். அவள் சொல்லவில்லை. செட்டியார்பட்டியில் அன்று மூன்று மணிக்கு வாலிபால் இறுதி ஆட்டம் இருந்தது. நல்ல இடம் வேண்டுமென்றால் இப்போதே பஸ் பிடிக்க வேண்டும் என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.